நாற்பத்தேழாம் கொக்கி

மாலை ஐந்து மணிக்கு விசில் ஊதிவிட்டு டோக்கன்காரர் பலகையின் முன்னால் வந்து நின்றார். பலகையில் வரிசைக்குப் பத்தாக இருநூறு கொக்கிகள். காலையில் எல்லாவற்றிலும் எண் பொறித்த பித்தளை டோக்கன்கள் தொங்கும். நகரத்துக்கு நடுவே இருந்த அந்தத் தேசியப் பூங்காவுக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன். வெளியே போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எத்தனை கொக்கி காலியாக இருக்கிறதோ அத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள். ஏற்பாடு அவ்வளவுதான்.

அன்று வியாழக்கிழமை. நாற்பத்தேழாம் கொக்கி காலியாக இருந்தது.

"என்னண்ணே, நெறஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் பேட்டரி வண்டி ஓட்டுபவன். அவனுக்கு ஜெட் என்று பெயர். 'இந்த வண்டியை ஓர் ஆமை முந்திச் சென்றதைக் கண்ணால் கண்டேன்' என்று யாரோ ஒருவர் புகார்ப் புத்தகத்தில் எழுதிவைத்த நாளிலிருந்து டோக்கன்காரர் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்.

"ஒண்ணு கொறையுதுடா. நாப்பத்தேழு."

"எவனாவது பாக்கெட்ல போட்டுட்டுப் போயிருப்பான். கடைசி ரவுண்டுல அஞ்சு ஸ்டாப்புலயும் நிறுத்தி ஹார்ன் அடிச்சேன். ஈ, காக்கா இல்ல."

"இறங்கிப் பாத்தியா?"

"இந்தத் தூறல்ல எங்கண்ணே இறங்கறது? இந்த கேட்டுக்கு அஞ்சு இருபதுக்குக் கடைசி பஸ்ஸு. அத விட்டா மெயின் ரோடு வரைக்கும் முக்கால் மணி நேரம் நடக்கணும். முடியுமான்னு என் முட்டியையே கேட்டுச் சொல்லுங்க."

விதிப்படி ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் நான்கு பேர் டார்ச்சோடு உள்ளே போய், பாதை முழுவதும் நடந்து, குரல் கொடுத்துத் தேட வேண்டும். தேடாமல் இல்லை. இரண்டு வருடத்தில் பதினோரு முறை தேடியிருக்கிறார்கள். பதினோரு முறையும் உள்ளே யாரும் இல்லை. பித்தளை பளபளக்கிறது, எண் அழகாக இருக்கிறது என்று யாராவது வீட்டுக்கு எடுத்துப் போய், அப்புறம் திருப்பி அனுப்பியிருப்பார்கள். பதினோராம் முறை நான்கு பேரும் கொட்டும் மழையில் நனைந்து, பஸ்ஸையும் விட்டு, இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தார்கள். ஒரு வாரம் கழித்து அந்த டோக்கன் தபாலில் வந்தது, 'மன்னிக்கவும்' என்ற சீட்டோடு.

அதற்குப் பிறகுதான் ரேஞ்சர் ஒருநாள், "பலகை நெறஞ்சிருக்கணும். எப்படி நெறயுதுங்கறது எனக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். டோக்கன்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. சாவிக் கடையில் கொடுத்து அலுமினியத்தில் இருநூறு டோக்கன் வெட்டி, மஞ்சள் வண்ணம் பூசி, மேசையின் அடி இழுப்பறையில் வைத்துக்கொண்டார். காலிக் கொக்கிக்கு ஒரு டூப்ளிகேட்; அசல் திரும்பி வந்தால் டூப்ளிகேட் மறுபடி இழுப்பறைக்கு.

இழுப்பறையைத் திறந்து நாற்பத்தேழைத் தேடி எடுத்து மாட்டினார். பதிவேட்டில், 'உள்ளே சென்றோர் 163, திரும்பியோர் 163, பலகை சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து இருபது பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, வாயில் திறப்பதற்கு முன்பே, ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தையல் கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள்.

"எங்கண்ணன் சார். மூக்குக்கண்ணாடி ரிப்பேர் கடை வச்சிருக்கான். வியாழக்கிழமை கடைக்கு லீவு. லீவுன்னா ரெண்டு பஸ் மாறி இங்கதான் வருவான். நேத்து வந்தவன் ராத்திரி வீட்டுக்கு வரல."

டோக்கன்காரருக்கு ஆளைத் தெரிந்தது. வாரம் தவறாமல் வருகிறவர். ஒரு நாள் இவருடைய கண்ணாடியின் காதுக்கம்பி தொங்குவதைப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து விரல் நீளத் திருப்புளியை எடுத்து, நின்றபடியே முறுக்கிக் கொடுத்தார். நன்றி சொன்னதற்கு, "நீங்க நம்பரத் தப்பாப் படிச்சா எனக்குத்தான சார் ஆபத்து" என்று சிரித்தார்.

"அவன் வெளிய போயிட்டானா சார்? அத மட்டும் சொல்லுங்க."

டோக்கன்காரர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். நாற்பத்தேழு மட்டும் கொஞ்சம் கூடுதல் மஞ்சளாகத் தெரிந்தது. அவருக்கு மட்டும்தான் தெரிந்தது. பதினோரு முறை, பதினோரு முறை என்று மனது சொன்னது.

"போயிட்டாரும்மா. நீங்களே பாருங்க, இருநூறும் இருக்கு."

அவள் பலகையைப் பார்த்தாள். இருநூறும் இருந்தன. "அப்ப வெளிலதான் எங்கயோ..." என்று சொல்லிக்கொண்டே பஸ் நிறுத்தத்தை நோக்கி ஓடினாள்.

பத்தரைக்கு ஒரு போலீஸ்காரர் வந்து பதிவேட்டைப் பார்த்தார். அந்த அண்ணனின் கைபேசி வியாழன் மாலையிலிருந்து அணைந்திருந்தது. கடைசியாக அது தொட்டிருந்த செல்போன் கோபுரத்தின் எல்லைக்குள் பூங்காவும் வந்தது. பின்சுவருக்கு வெளியே இருந்த சந்தையும் பஸ் நிலையமும் வந்தன. "உங்க பலகை இல்லன்னா ரொம்பக் கஷ்டம் சார்" என்றார் அவர். 'பூங்காவிலிருந்து வெளியேறியது உறுதி' என்று எழுதிக்கொண்டு சந்தைப் பக்கம் போனார்.

நண்பகலில் டோக்கன்காரர் ஜெட்டின் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"என்னண்ணே அதிசயமா?"

"சும்மா, காத்து வாங்கலாம்னு."

"ஹும். கண்ணு காத்து வாங்கற மாதிரி தெரியலயே."

ஒரு சுற்று போனார்கள். ஐந்து நிறுத்தம், நாற்பது நிமிடம். மரங்களுக்கு மேலே அடுக்குமாடி வீடுகளின் பால்கனிகளும், அவற்றில் உலரும் துணிகளும் தெரிந்தன. மூன்றாம் நிறுத்தத்தில், பழைய கல்குவாரியின் விளிம்பில், ஜெட் இரண்டு முறை ஹார்ன் அடித்தான். டோக்கன்காரர் இருக்கையிலிருந்தே எட்டிப் பார்த்தார். புதர்தான் தெரிந்தது. இறங்கி நடந்தால், ஏன் இறங்குகிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் இழுப்பறையைத் திறந்து காட்ட வேண்டும். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம்தான் இருந்தது.

"போகலாம்டா" என்றார்.

அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தார்.

"உப்புக் கம்மியா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"அப்ப என்ன, ஆபீஸ்ல எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"ஒண்ணும் தொலையல" என்றார். "எல்லாம் சரியா இருக்கு."

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தையல்காரம்மா மறுபடி வந்தாள். தோளில் ஒரு பை, அதில் 'காணவில்லை' என்று அச்சடித்த தாள்கள். கண்கள் வீங்கியிருந்தன. நாடா இன்னும் கழுத்திலேயே கிடந்தது. அது கிடப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"சந்தை, பஸ் ஸ்டாண்டு, ரெண்டு ஆஸ்பத்திரி, எல்லாம் பாத்துட்டேன் சார். பஸ் வர்ற வழில எல்லா ஸ்டாப்புலயும் ஒட்டிட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி. கொஞ்சம் ஒரு பக்கம் பிடிச்சுக்கறீங்களா?"

வாயில் தூணில், தெருவைப் பார்த்தபடி, அவள் தாளை வைத்தாள். டோக்கன்காரர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எதையாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"டோக்கன தெரியாம எடுத்துக்கிட்டே கூட சில பேர் போயிடுவாங்கம்மா. அந்த மாதிரி எங்கயாவது..."

"எங்கண்ணனா?" அவள் பசை நாடாவைப் பல்லால் கடித்துக்கொண்டே சிரிக்கப் பார்த்தாள். "நல்லாச் சொன்னீங்க. போன மாசம் ஒரு தடவ பாக்கெட்ல போட்டுக்கிட்டு வீடு வரைக்கும் வந்துட்டான். காப்பியக் கையில குடுக்கறேன், 'ஐயையோ'ன்னு எந்திரிச்சான். அடுத்த பஸ்லயே திரும்பி வந்து குடுத்துட்டுத்தான் வந்தான். உங்ககிட்டதான குடுத்திருப்பான்?"

இவரிடம்தான் கொடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். "இந்த ஒரு வில்லைக்கா ரெண்டு பஸ் மாறி வந்தீங்க?" என்று டோக்கன்காரர் கேலி செய்தார். அதற்கு அவர் சொன்ன பதில் இப்போது நினைவுக்கு வந்தது.

'கொக்கி காலியா இருந்தா நான் உள்ள இருக்கேன்னு நெனச்சு நீங்கல்லாம் தேடுவீங்களே சார்.'

அந்த மனிதர் பலகையை நம்பியவர். தம் கொக்கி காலியாக இருக்கிறது, ஆகவே வந்துவிடுவார்கள் என்று எங்கோ காத்துக்கொண்டிருப்பவர்.

தாள் ஒரு பக்கமாகச் சரிந்தது.

"பிடிங்க சார்."

"அம்மா." அவர் தாளைத் தூணிலிருந்து எடுத்தார். "அம்மா, இத இங்க ஒட்ட வேணாம். அவரு வெளிய போகல. அந்த நாப்பத்தேழு நான் மாட்டினது. அது டூப்ளிகேட்."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அவள் கத்தவில்லை, அடிக்கவில்லை. பையை அப்படியே கீழே போட்டுவிட்டுப் பூங்காவுக்குள் ஓடினாள்.

கண்டுபிடிக்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது. மூன்றாம் நிறுத்தத்திலிருந்து எழுபது அடி தள்ளி, குவாரி விளிம்பின் மரக் கைப்பிடி வேலி முறிந்து தொங்கியது. கீழே பாறைகளுக்கு இடையே ஒரு புதர்க் கிளையில் வெள்ளைக் கைக்குட்டை கட்டியிருந்தது. அந்தப் புதரடியில், விழுந்து நொறுங்கிய கைபேசிக்குப் பக்கத்தில், அவர் கிடந்தார். இடது கையில் டோக்கன். வலது கையில் அந்தச் சின்னத் திருப்புளி. பக்கத்துப் பாறையில் அதன் முனையால் தட்டித் தட்டி ஒரு வெள்ளைக் குழி விழுந்திருந்தது. அங்கே நின்றால் பின்சுவருக்கு அப்பால் பஸ்கள் நின்று கிளம்பும் சத்தம் நன்றாகக் கேட்டது. ஜெட் வழக்கமாக ஹார்ன் அடிக்கும் இடமும் தலைக்கு மேலேதான்.

டாக்டர் பார்த்துவிட்டு, இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்றார். அது ஆளைக் கொல்லும் காயம் இல்லை. ஈரமும், இரண்டு இரவின் குளிரும், தண்ணீர் இல்லாததும்தான். உயிர் அன்று விடியற்காலையில் போயிருக்கலாம். "நேத்து யாராவது..." என்று ஆரம்பித்தவர், தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஜெட் வண்டியின் முன்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து அழுதான். "ஹார்ன் அடிச்சேனே, கேட்டிருப்பாரே, வந்துட்டாங்கன்னு நெனச்சிருப்பாரே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். யாரும் அவனைத் தேற்றவில்லை.

உடலைத் தூக்கும்போது ரேஞ்சர், "அந்த டோக்கன் டிபார்ட்மென்ட் பொருள்" என்று கையை நீட்டினார். தங்கை அதை அண்ணனின் விரல்களிலிருந்து எடுத்துத் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். பிறகு டோக்கன்காரரைப் பார்த்தாள்.

"ஊரெல்லாம் தேடினேன். நான் தேடாத இடம் இது ஒண்ணுதான். இத அடச்சது நீங்க."

அவர் கை கூப்பினார். அவள் அதைப் பார்க்கவில்லை.

விசாரணை நடந்தது. 'எனக்கு எதுவும் தெரியாது' என்று ரேஞ்சர் எழுதிக் கொடுத்தார். தெரிந்துகொள்ளாமல் இருக்க அவர் முன்பே ஏற்பாடு செய்திருந்தார். டோக்கன்காரரின் மேல் வழக்குப் பதிவானது, வேலையும் போனது. கேட்டவற்றுக்கெல்லாம் அவர் 'ஆம்' என்றே பதில் சொன்னார்.

பொறுப்பை ஒப்படைக்கும் நாளில், புதிதாக வந்த பெண்ணிடம் பதிவேடு, விசில், சாவிக்கொத்து என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தார். பலகையில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது டோக்கன்கள் இருந்தன. டூப்ளிகேட்டுகள் போலீஸ் பெட்டிக்குப் போய்விட்டன.

அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, "நாப்பத்தேழு இல்லயே சார். புதுசு ஒண்ணு செய்யச் சொல்லி மாட்டிடலாமா? பார்க்கறதுக்கு நல்லா இல்ல" என்றாள்.

"வேணாம்மா." அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதன் காதுக்கம்பி இன்னும் இறுக்கமாகவே இருந்தது. "அது காலியாவே இருக்கட்டும். இன்னொரு கொக்கி காலியா இருக்கற அன்னிக்கு உங்களுக்கும் பஸ்ஸுக்கு நேரமாகும். மழை பெய்யும். யாரும் உள்ள இல்லன்னு பக்கத்துல நிக்கறவன் சத்தியம் பண்ணுவான். பதினோரு தடவ அவன் சொன்னது உண்மையாவும் இருந்திருக்கும். அப்ப இதப் பாருங்க. நான் இங்க மாட்டினது தகடு இல்லம்மா, ஒரு மனுஷன் மேல சாத்தின கதவு. எல்லாம் சரின்னு காட்டறதுக்காக நாம எழுதற பொய் வெறும் தாளோட நிக்காது. எங்கயோ ஒருத்தர் உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு நமக்காகக் காத்திருக்கும்போது, தேடி வர்றவங்கள அது வேற பக்கம் அனுப்பிடும்."