எமில் கோலேசார் வாசித்த அறிக்கை

1986 மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு, நியூயார்க் ஸ்டூடியோவில் என் தம்பியின் ஒப்பனை அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாவது என் தம்பி எமில் கோலேசார். பத்தொன்பது வருடங்களாக வாரத்தில் ஐந்து நாள் இரவு பதினொன்றரை மணிக்கு இந்த நாட்டைச் சிரிக்கவைத்துத் தூங்க அனுப்பியவன். அடுத்து அவனுடைய தயாரிப்பாளர் மார்ட் செல்னிக். மூன்றாவது ஆஸி டேட். எமில் பேச வேண்டியதைப் பெரிய வெள்ளை அட்டைகளில் கறுப்பு மையால் எழுதி, கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பவர். நான்காவது தொலைக்காட்சி நிறுவனத்தின் துணைத் தலைவர் பிராட்ஃபோர்ட் ஹாலிஸ். ஐந்தாவது நான், அப்பலோனியா கோலேசார், எமிலின் அக்கா. அப்போது எனக்கு வயது எழுபத்தொன்று. அந்த அறையில் தாங்களும் இருந்ததாகப் பதினோரு பேர் இதுவரை பத்திரிகைகளிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த அறையில் ஆறாவது ஆள் நிற்க இடம் கிடையாது.

அந்த வாரம் நான் சாகக் கிடந்தேன். அப்படித்தான் எங்கள் யங்ஸ்டவுன் பத்திரிகை செவ்வாய்க்கிழமை எழுதியிருந்தது. எமில் கோலேசார் நிகழ்ச்சியிலிருந்து விலகப் போகிறார், ஒஹையோவில் உயிருக்குப் போராடும் தன் மூத்த சகோதரியின் பக்கத்தில் இருக்க விரும்புகிறார் என்று நிறுவனம் அறிவித்ததாம். நான் பத்திரிகையை மாலையில்தான் படிப்பேன். அதற்குள் எதிர்வீட்டு அம்மாள் முட்டைக்கோசும் நூடுல்ஸும் வதக்கி ஒரு பெரிய தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருட்டுவதற்குள் அப்படி ஆறு தட்டுகள் சேர்ந்தன. புதன்கிழமை காலை பாதர் ஹுடாக், சாகப்போகிறவர்களுக்குச் செய்யும் கடைசிப் பூசுதலுக்கான எண்ணெயுடன் வந்தார். நான் ஏணியில் நின்று வெளி ஜன்னல்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அப்பலோனியா, இறங்கு. படுத்துக்கோ" என்றார்.

"எதுக்கு பாதர்?"

"நீ... ரொம்ப முடியாம இருக்கேன்னு பேப்பர்ல போட்டிருக்கான்."

"பேப்பர்ல போட்டவனுக்குப் பூசுங்க. எனக்கு இன்னும் நாலு ஜன்னல் பாக்கி."

எங்கள் தந்தை முப்பத்தெட்டு வருடம் எஃகு உலையில் வேலை பார்த்தார். ஒருநாள்கூட நோய் என்று விடுப்பு எடுத்ததில்லை. பொய்க்காரணம் சொல்லி வேலைக்குப் போகாமல் இருப்பவனை எங்கள் தெருவில் யாரும் கல்யாணத்துக்கு அழைக்க மாட்டார்கள். கோலேசார் என்ற பெயரை நாங்கள் அப்படித்தான் காப்பாற்றி வைத்திருந்தோம். எமிலும் அப்படித்தான் வைத்திருந்தான். ராணுவ வானொலியிலிருந்து திரும்பியதும் உள்ளூர் நிலையத்தில் மரண அறிவிப்புகளையும் பந்துருட்டுப் போட்டி முடிவுகளையும் ஒரே மூச்சில் வாசித்தான். பிறகு கிளீவ்லாந்து தொலைக்காட்சியில் வானிலை சொன்னான். மழை என்று சொல்லிவிட்டு வெயில் அடித்தால் மறுநாள் குடையோடு வந்து மன்னிப்புக் கேட்பான். அதைப் பார்க்கவே ஜனங்கள் கூடினார்கள். அங்கே அவனுடைய முதலாளி, "கோலேசார்னு ஒரு பேரா? எமில் கோல்னு வெச்சுக்கோ" என்றபோது, வேலை வேண்டாம் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். முதலாளிதான் பின்னாலேயே வந்து கூப்பிட்டார். 1967இல் நியூயார்க்கில் யாரோ ஒருவருக்குப் பதிலாக மூன்று வாரம் உட்காரப் போனவன், பத்தொன்பது வருடம் உட்கார்ந்தான். அவனுடைய இரண்டு திருமணங்களைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வைத்திருக்கும் நீலத் தொப்பியை அணிந்துகொண்டேன்.

என்னைக் கண்டதும் ஹாலிஸின் முகம் வெளுத்தது. ஆனால் பழகிய மனிதர், உடனே சிரித்துவிட்டார்.

"மிஸ் கோலேசார்! நல்லாத்தான் இருக்கீங்க!"

"உங்களுக்கு வருத்தமா இருக்கா?"

"சேச்சே. இதெல்லாம் எங்க தொழில்ல ஒரு வழக்கம் மேடம். யாரு போனாலும் குடும்பத்துக்காகப் போறோம்னுதான் சொல்லுவாங்க. கேக்கறவங்களுக்கும் கஷ்டமா இருக்காது."

"உசுரோட இருக்கறவளுக்குக் குழி வெட்டறதும் வழக்கமா?"

அவர் எமிலைப் பார்த்தார். எமில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் பாதிக்குத்தான் பவுடர் போட்டிருந்தது. ஹாலிஸ் ஒரு தாளை மேஜையில் வைத்தார்.

"கடைசியில இதை வாசிச்சிடு எமில். ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். மேடம், நீங்க இங்கயே இருந்து பாருங்க. முடிஞ்சதும் பின்வாசலுக்கு கார் வரச் சொல்றேன். யாரும் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

அவர் போன பிறகு நான் கதவைச் சாத்தினேன்.

"இது நீ எழுதினதா?"

"இல்லக்கா. என்னை எடுத்துட்டாங்க. இன்னும் நாலு வாரந்தான். முப்பத்தினாலு வயசுப் பையன் ஒருத்தனைப் பிடிச்சிருக்காங்க."

"அதை அப்படியே சொல்லிட்டுப் போயேன்."

"சொல்ல முடியாது. இங்க அறுபத்திரண்டு பேர் வேலை பாக்கறாங்க. நான் இந்தத் தாளை அப்படியே வாசிச்சா எல்லாருக்கும் ஆறு மாசச் சம்பளம் கிடைக்கும். என்னை நீக்கினாங்கன்னு நான் வாயைத் திறந்தா யாருக்கும் ஒண்ணும் கிடையாது. கையெழுத்துப் போட்டுட்டேன்." பவுடர் பஞ்சைக் கீழே வைத்தான். "உன் பேரை மட்டும் விட்டுடுங்கன்னு கெஞ்சினேன். சாகப்போற அக்கா இல்லேன்னா ஜனங்க கோவப்படுவாங்க, இருந்தா அழுவாங்கன்னு சொல்லிட்டாங்க."

கோலேசார் ஒருவன் கெஞ்சினான் என்று கேட்டதுதான் அந்த நாளில் எனக்கு மிகவும் கசந்தது. அறுபத்திரண்டு பேருக்காக என்பதால் பொறுத்துக்கொண்டேன். அவன் கொடுத்த வாக்கை அவன் மீறக் கூடாது. ஆனால் என் பெயரில் சொன்ன பொய்யை நான் பின்வாசல் வழியாகச் சுமந்துகொண்டு போகப் போவதில்லை.

"நான் சுகமா இருக்கேன்னு நாட்டுக்குத் தெரியணும். நீ சொல்ல வேண்டாம்" என்றேன்.

அதுவரை மூலையில் நின்று அட்டை எழுதிக்கொண்டிருந்த ஆஸி டேட் தலையைத் தூக்காமலே சொன்னார்: "மிஸ் கோலேசார் எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போடலியே பாஸ்."

மார்ட் செல்னிக் சட்டைப் பையிலிருந்து அன்றைய விருந்தினர் பட்டியலை எடுத்தார்.

"முதல் ஆள் யாரு? கழுகு வளக்கறவன். அவனை நாளைக்கு வரச் சொல்லிடறேன்."

"கழுகு கோவிச்சுக்கும்" என்றான் எமில். நான் வந்ததிலிருந்து அவன் சொன்ன முதல் வேடிக்கை அது.

"ரெண்டாவது கொரின் டேஸ்" என்றார் மார்ட். நடிகை கொரின் டேஸின் புதிய படம் மறுநாள் வெளியாக இருந்தது. அவள் வருகிறாள் என்று நிறுவனம் வாரம் முழுவதும் விளம்பரம் செய்திருந்தது. "அவ இருக்கற வரைக்கும் இன்னைக்கு நிகழ்ச்சியை நிறுத்திட்டுப் பழசைப் போட ஹாலிஸால முடியாது."

"வெட்டிடுவானே" என்றான் எமில். அவர்கள் மாலை ஐந்தரைக்கு எடுப்பதைத்தான் நாடு பதினொன்றரைக்குப் பார்க்கிறது. இடையில் ஆறு மணி நேரம். வேண்டாததை வெட்டி எறிய அது போதும்.

மார்ட் சிரித்தார். "முதல்ல வர்றவங்க எங்க உக்காருவாங்க எமில்? அப்புறம் எங்க போவாங்க?"

இதைத் தெரியாதவர்கள் இந்த நாட்டில் குறைவு. எமிலின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதை ஒட்டி நீளமான சோபா. முதல் விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார். அடுத்தவர் வந்ததும் எழுந்து சோபாவுக்கு நகர்வார். யாரும் வீட்டுக்குப் போவதில்லை. ராஜாவே வந்தாலும் கடைசி நிமிடம் வரை சோபாவில் இருந்தாக வேண்டும். பத்தொன்பது வருடத்தில் அந்த முறை ஒருநாளும் மாறியதில்லை. பதிவை நடுவில் நிறுத்தியதும் இல்லை.

ஐந்தரைக்கு பேண்ட் வாசித்தது. எமில் வழக்கம்போல் ஏழு நிமிடம் நின்றுகொண்டு பேசினான். பிறகு மேஜையில் உட்கார்ந்து, "யங்ஸ்டவுன்லேர்ந்து ஒருத்தர் வந்திருக்காங்க, என் அக்கா" என்றான். நான் நடந்து போனேன். முந்நூறு பேர் மூச்சு விடவில்லை. எல்லோரும் பத்திரிகை படித்தவர்கள்.

"எப்படிக்கா இருக்கே?"

"நல்லா இருக்கேன்."

"நேத்து என்ன பண்ணே?"

"ஜன்னல் கழுவினேன். பதினாலு."

"முழங்கால் எப்படி?"

"ரெண்டும் இருக்கு. உன் தலைமுடி மாதிரி இல்ல."

அப்போதுதான் சிரித்தார்கள். முதலில் ஒருவர், பிறகு பத்துப் பேர், பிறகு எல்லோரும். மேலே கண்ணாடி அறையில் ஹாலிஸ் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினாராம். மார்ட், "இங்க பதிவை நிறுத்தற பழக்கம் இல்ல சார்" என்றாராம். அதை மார்ட் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் நானே பார்த்தது.

கொரின் டேஸ் வந்தாள். நான் சோபாவுக்கு நகர்ந்தேன். கெட்டிக்காரப் பெண், உள்ளே வரும்போதே விஷயம் புரிந்துவிட்டது. தன் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. அவளைக் காட்டினால் என் தொப்பியையும் காட்டியாக வேண்டும். மூன்றாவதாக ஒரு பாடகன் வந்தான். நான் இன்னும் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தேன். முதுகைச் சாய்க்கவில்லை.

கடைசியில் ஆஸி டேட் அட்டையைத் தூக்கினார். அன்று அவர் எழுதியதில் அதுதான் மிக அழகான கையெழுத்து. எமில் எழுத்துக்கு எழுத்து வாசித்தான்.

"என் அன்புக்குரிய மூத்த சகோதரி அப்பலோனியா, யங்ஸ்டவுனில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார்."

நிறுத்தினான். கேமரா என் பக்கம் திரும்பியது. அரங்கத்தில் எழுந்த சத்தம் சிரிப்பா கூச்சலா என்று சொல்ல முடியாது, விளக்குகள் அதிர்ந்தன. எமில் சிரிப்பைத் தாங்க முடியாமல் வாயை மூடிக்கொண்டான்.

"வாசிச்சு முடிடா. கோலேசார் யாரும் பாதியில விட்டதில்ல" என்றேன்.

"இந்த நேரத்தில் அவருடைய பக்கத்தில் இருப்பதே என் கடமை. ஆகவே இந்த நிகழ்ச்சியிலிருந்து விலகுகிறேன். வணக்கம்."

தாளில் அவ்வளவுதான். பிறகு அவன் எழுந்தான். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, பாடகனைத் தாண்டி, சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். உட்காருவது பேச்சாகாது. பேண்ட் வாசித்துக்கொண்டே இருந்தது. ஜனங்கள் எழுந்து நின்றார்கள்.

இரவு பதினொன்று வரை மூன்று பேர் உட்கார்ந்து வெட்டிப் பார்த்தார்கள். தொப்பி இல்லாத காட்சிகளைச் சேர்த்தால் எட்டு நிமிடம் வந்தது. பதினொன்றரைக்கு முழுவதும் ஒளிபரப்பானது. மறுநாள் காலை எமிலின் கடைசி நான்கு வாரங்களை ரத்து செய்தார்கள். கழுகு வளர்ப்பவர் பெட்டியோடு வந்து வாசலிலிருந்தே திரும்பினார். ஒப்பந்தத்தை மீறி ஒரு சொல்லை எமில் சொன்னானா என்று வழக்கறிஞர்கள் ஒன்பது நாள் தேடினார்கள். நீக்கம் என்றோ நிறுவனம் என்றோ அவன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அறுபத்திரண்டு பேருக்கும் ஆறு மாதச் சம்பளம் வந்தது. நானும் எமிலும் முன்வாசல் வழியாகத்தான் வெளியே போனோம்.

அவனை வேறெந்தத் தொலைக்காட்சியும் பிறகு அழைக்கவில்லை. இப்போது கிளீவ்லாந்து வானொலியில் காலை ஆறு மணிக்குப் பேசுகிறான். எட்டு வருடமாகிறது. பெயரை மாற்றவில்லை.

எமில் அடுத்த வாரமே ஹாலிஸுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினான், அதனால்தான் ஊழியர்களுக்குச் சம்பளம் கிடைத்தது என்று நியூயார்க்கில் சிலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எமில் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.