உச்சி இறங்கிய நாள்

மோசெபா இன்னொரு கொப்பை வெட்டி இழுத்தாள். அவள் கணவன் கொகோத்தே காய்ச்சலில் கிடந்து, விடியும்போது போய்விட்டான். அவனை மூட இலை வேண்டும். முந்தின நாள் புயலில் சாய்ந்த பெருமரத்தின் உச்சியில் பெண்கள் அதைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வழக்கப்படி மதியத்துக்குள் குடிசையை அவன்மேல் சரித்துவிட்டு முகாமே வேறிடம் கிளம்பிவிடும். அப்புறம் அவன் பெயரை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். பொய்யனாகவே போகிறானே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒருமுறை தேனெடுக்க மரமேறியவன், உச்சியில் 'ஹூ' என்று கூவுவது தவளையல்ல, பச்சை முதுகும் நெருப்பு மார்புமாக ஒரு பறவை என்று சொல்லித் தொலைத்தான். சங்கா ஆற்றுக் காட்டில் பீற்றிக்கொள்கிறவனைச் சும்மா விடமாட்டார்கள். கைம்பெண்கள் அவனைப் போலவே நடித்துக் காட்டி மானத்தை வாங்கிவிடுவார்கள். அவர்களில் மூத்தவளான பாலோ அக்கா "பறவை, பறவை" என்று தவளையாகத் தாவினால் முகாமே உருண்டு சிரிக்கும். மோசெபாவும் சிரித்திருக்கிறாள். கட்டியவளே சிரித்தால் ஊர் எப்படி நம்பும்?

பக்கத்து மரத்தின் மேலிருந்து 'ஹூ' என்று கேட்டது.

"உன் புருஷனோட தவளை துக்கம் கேக்க வந்திருக்குடி" என்றாள் பாலோ.

அதைப் போலவே கூவி அழைக்க கொகோத்தே கற்றுக்கொடுத்த சீட்டி மோசெபாவுக்குத் தெரியும். தரையிலிருந்து எத்தனை தரம் அடித்தும் அது இறங்கி வந்ததில்லை. இன்றைக்கு உச்சியே தரையில் கிடக்கிறது. அவள் இலைகளுக்குள் நுழைந்து உட்கார்ந்து மெதுவாகச் சீட்டியடித்தாள். பதில் வந்தது. மறுபடி அடித்தாள். பதில் இன்னும் பக்கத்தில் வந்தது.

இலை அசைந்தது. பச்சை முதுகு. நெருப்பு மார்பு. எல்லோர் முகத்துக்கும் நேராக உட்கார்ந்து, தொண்டை உப்ப, 'ஹூ' என்றது.

பெண்கள் வெட்டிய இலையைக் கீழே போடவும் மறந்து நின்றார்கள்.

"அக்கா, உங்க தவளைக்கு றெக்கை மொளைச்சிருக்கு" என்றாள் மோசெபா.

இன்றிலிருந்து அவளும் கைம்பெண். நடிக்கும் உரிமை அவளுக்கும் உண்டு. குடிசையைச் சரிக்கும் முன் முகாமின் நடுவே வந்து நின்றாள். இலைக்கட்டைத் தலையில் வைத்து, வாயைப் பிளந்து, பாலோ பறவையைப் பார்த்து நின்ற நிற்பை அப்படியே நின்று காட்டினாள். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். பாலோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மோசெபாவுக்கு அழுகையும் பெருமையும் சேர்ந்து நெஞ்சு விம்மியது.

பாலோ கண்ணைத் துடைத்துக்கொண்டு உடல் கிடந்த பக்கம் திரும்பினாள். "கொகோத்தே சொன்னது நெசம். பேரை மறைக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

குடிசையைச் சரித்தார்கள். கூடைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வரிசையாக நடந்தார்கள். அவனுடைய தேன்கயிறு மோசெபாவின் தோளில் கிடந்தது.

பின்னால் 'ஹூ' என்று கேட்டது. பாலோ நின்று, பிடரியைக் கையால் தாங்கிக்கொண்டு, வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.