சீனத்து ஆரஞ்சுத் தோல்

தகர டப்பாவைக் கண்டாலே ஆதிநாதனுக்குப் பற்றிக்கொண்டு வரும். தூத்துக்குடி புதுத் துறைமுகத்துக்குச் சுங்க அதிகாரியாக வந்த முதல் வருஷம், ஒரு கிழ மாலுமியின் மேல் இரக்கப்பட்டு, அவன் கையிலிருந்த ஊறுகாய் டப்பாவைத் திறந்து பார்க்காமல் வெளியே விட்டுவிட்டார். அதற்குள் தங்கக் கட்டி இருந்தது. சூப்பிரண்ட் அவரை நிற்கவைத்து, பியூன்கள் காது கேட்க ஒரு மணி நேரம் திட்டினார். ஆழ்வார்திருநகரியில் நாலு பேர் எழுந்து வழிவிடும் குடும்பத்தில் பிறந்தவர் ஆதிநாதன். இனி எவன் முகத்தையும் பார்த்து இரங்குவதில்லை என்று அன்றே முடிவு செய்துகொண்டார்.

எழுபத்தாறாம் வருஷச் சித்திரையில் ஹாங்காங்கிலிருந்து உரம் ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வந்தது. வந்த அன்றே, எஞ்சின் அறையில் வேலை பார்த்த வோங் என்ற கிழவரை வயிற்றுக் கோளாறு என்று ஊருக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் காலை கப்பல் சமையல்காரன் லாம் ஒரு டப்பாவோடு துறைமுக வாசலுக்கு வந்தான். நாற்பது வயதிருக்கும், ஒட்டிய கன்னம். துணைக்கு வந்தவர் கிளாட்வின், கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் குமாஸ்தா.

டப்பாவுக்குள் கறுத்துச் சுருண்ட சருகு மாதிரி ஏதோ கிடந்தது. என்ன இது என்று ஆதிநாதன் கேட்டார்.

"சான் பேய்," என்றான் லாம்.

வாசல் காவலர் அய்யாக்குட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பேயாம்லா சார். சீனாக்காரன் பேயைப் பிடிச்சு டப்பால அடைச்சுக் கொண்டாந்திருக்கான்."

லாம் சிரிக்கவில்லை. அவனுடைய அரைகுறை இங்கிலீஷைக் கேட்டுக் கிளாட்வின் எடுத்துச் சொன்னார். பல வருஷம் காய்ந்த ஆரஞ்சுத் தோல் அது. சீன வைத்தியத்தில் செரிமானத்துக்குக் கொடுப்பது. கஞ்சியில் போட்டுக் கொதிக்கவைத்தால் குமட்டல் நிற்கும், பசி எடுக்கும். ஆஸ்பத்திரியில் கிடக்கும் வோங் அவனுக்குச் சித்தப்பா. நேற்றிலிருந்து அவர் குடித்த கஞ்சியெல்லாம் வாந்தியாகிவிட்டது.

ஆதிநாதன் டப்பாவை மூக்கருகே கொண்டுபோனார். போன மாதம் அவருக்கு வயிறு மந்தமானபோது மனைவி வரலக்ஷ்மி ஜாடியிலிருந்து எடுத்துக் கொடுத்த உப்பு நாரத்தங்காயின் வாசனைதான் அடித்தது. இது தோல்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்ததே அவருக்கு எரிச்சலாக இருந்தது. அபினாகக்கூட இருக்கலாம், மெட்ராஸுக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும் என்று சொல்லி, டப்பாவுக்கு அரக்கு முத்திரை வைத்து அலமாரியில் பூட்டினார்.

லாம் கெஞ்சியிருந்தால்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அவன் கெஞ்சவில்லை. காலைச் சமையலை முடித்துவிட்டு வந்து, எதிர் வெயிலில் நின்று அவரையே பார்த்தான். மதியத்துக்குப் போவான், மறுபடி வந்து நிற்பான். அய்யாக்குட்டி லத்தியால் நெஞ்சில் தள்ளினால் இரண்டடி பின்னால் போய் நிற்பான். பேனாவைத் திறக்கும்போதும் மூடும்போதும் அந்தப் பார்வை தன் கையிலேயே ஊர்வது போல ஆதிநாதனுக்கு இருந்தது.

டப்பாவைப் பூட்டிய மூன்றாம் நாள் கிளாட்வின் நேராக மேஜைக்கு வந்தார். கிழவர் வாயில் எதுவும் தங்கவில்லை, குளுக்கோஸ்தான் ஏறுகிறது என்றார்.

"ஆஸ்பத்திரியில டாக்டர் இல்லையா, மருந்து இல்லையா?"

"எல்லாம் இருக்கு சார். அதுல ஒண்ணும் அவருக்கு எறங்கல. அவர் கேக்குறது அந்தத் தோலத்தான்."

"அப்படின்னா மொதல்ல அந்தச் சமையல்காரனையே குடிக்கச் சொல்லும். நானும் பார்க்கறேன்," என்றார் ஆதிநாதன்.

அய்யாக்குட்டி டீ போடும் ஸ்டவ்வில் தண்ணீர் வைத்தார்கள். முத்திரையை உடைத்து இரண்டு துண்டு எடுத்துக் கொடுத்ததும், லாம் அவற்றைக் கிள்ளிப் போட்டுக் கொதிக்கவைத்தான். ஆற விடாமல் அவர் கண்ணெதிரேயே மடமடவென்று குடித்தான். வாசல் முழுக்க நாரத்தை மணத்தது. லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். லாம் இன்னொரு டம்ளரில் ஊற்றி, ஆதிநாதனுக்கு முன்னால் விரிந்திருந்த ஃபைலின் மேல் வைத்து, அவர் பக்கமாக நகர்த்தினான்.

ஆசாரம் பார்த்து, வெளியிடத்தில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அது இவனுக்கும் தெரிந்துதான் இப்படிச் செய்கிறான் என்று அவருக்குத் தோன்றியது. புறங்கையால் டம்ளரைத் தட்டிவிட்டார். கொதிநீர் லாமின் பாதத்தில் கொட்டியது. அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. தாழ்ந்த குரலில் தன் பாஷையில் ஏதோ சொன்னான். என்னவென்று கிளாட்வின் கேட்டதற்கு இங்கிலீஷிலும் முணுமுணுத்தான்.

"என்ன சொல்றான்?" என்று ஆதிநாதன் கேட்டார்.

"அதத் தமிழ்ல சொல்ல எனக்கு நாக்கு வராது சார்," என்றார் கிளாட்வின்.

சோதனை முடிவு வராமல் தர முடியாது என்று சொல்லி, ஆதிநாதன் டப்பாவை மறுபடி பூட்டினார். அடுத்த நாள் கப்பல் கிளம்பிவிட்டது, லாமும் அதோடு போனான். சித்தப்பாவைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டார்.

அதற்கு மறுநாள் லீவு முடிந்து வந்த சூப்பிரண்டிடம் ஏஜெண்டு ஆபீஸ் புகார் கொடுத்தது. அவர் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். "ஆரஞ்சுத் தோலுன்னு பச்சப் பிள்ளைகூடச் சொல்லுமே ஓய். நீரே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரும்," என்றார்.

ஆஸ்பத்திரியில் வோங் தோலும் எலும்புமாகக் கிடந்தார். யூனிஃபாரத்தையும் டப்பாவில் ஒட்டியிருந்த அரக்கையும் மாறி மாறிப் பார்த்தார். டப்பாவை வாங்கி மோந்தார், பிறகு மூடி வயிற்றின் மேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

என்ன அது என்று நர்ஸ் தேவமணி கேட்டாள். நாசரேத்துப் பெண், ஐந்து நாளாக அந்தக் கிழவரின் வாந்தியைத் துடைத்தவள் அவள்தான். டப்பா துறைமுகத்தில் பூட்டிக் கிடந்தது கிளாட்வின் சொல்லி அவளுக்குத் தெரியும்.

"ஆரஞ்சுத் தோல். நம்ம நாரத்தங்காய் மாதிரி. வயித்துக்கு நல்லது," என்றார் ஆதிநாதன்.

"ஒங்களுக்கு அது இன்னைக்குத்தான் தெரியுமா சார்?"

கஞ்சியில் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டுமாம் என்று மட்டும் சொன்னார். தேவமணி கிழவரிடம் சைகையால் கேட்டு ஒரு துண்டை எடுத்துப்போய், கஞ்சியில் போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்தாள். ஆதிநாதன் கட்டில் பக்கத்திலேயே நின்றார். கிழவர் குடிப்பதையும், குடித்தது உள்ளே தங்குவதையும் கண்ணால் பார்த்துவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது அவருக்கு. வோங் கரண்டியை வாங்கவில்லை. மோவாயால் அவரைச் சுட்டி, ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பாஷை தெரியாத தேவமணிக்கும் அது புரிந்துவிட்டது.

"நீங்க நிக்குத வரைக்கும் குடிக்க மாட்டாரு. வெளிய போங்க சார்."

"நான்தானேம்மா கொண்டுவந்து குடுத்தேன்."

"நாலு நாள் கழிச்சு," என்றாள் தேவமணி, அவர் முகத்தைப் பாராமல்.

வராந்தாவில் போய் நின்றார். உள்ளே கரண்டி கிண்ணத்தில் தட்டும் சத்தம் கேட்டது, கொஞ்சம் விட்டு மறுபடி கேட்டது. குமட்டும் சத்தம் வருமோ என்று காத்திருந்தார். வரவில்லை. அந்த வழியாக வந்த ஆயா ஒருத்தி, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதென்று சொல்லி அவரைப் படியிறங்கச் சொன்னாள்.

பத்து நாளில் வோங் எழுந்து நடமாடி மெட்ராஸுக்கு ரயில் ஏறினார் என்று அய்யாக்குட்டி வந்து சொன்னார். ஆனி பிறந்ததும் ஆதிநாதன், வாசல் வேலை வேண்டாம், சரக்குக் கிட்டங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள் என்று சூப்பிரண்டுக்கு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் உடல்நிலை என்று எழுதினார்.