தங்கச்சி என்று சொல்லும் வீடு

சிப்பி உடைக்கும் கொட்டகையில் நின்று நின்று கால் மரத்துப்போய் வீடு திரும்பினால், வாசலில் ஒரு புதுச் செருப்பு. மகன் சாங்கூ கப்பல் பட்டறையிலிருந்து லீவில் வந்திருந்தான். கூடவே யேஜின் என்று ஒரு பெண். எங்க மேஸ்திரியோட தங்கச்சி, கடல் பார்க்க வந்திருக்கா என்றான். இன்னும் கல்யாணம் ஆகலை என்று நான் கேட்காமலேயே சேர்த்துக்கொண்டான்.

கேட்காததற்குப் பதில் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அதிலும் இந்த வீட்டு ஆண்கள் தங்கச்சி என்றால் நம்பமாட்டேன். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது, மீன் டப்பா ஆலையில் கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டும்தான் வேலை. என் புருஷன் டொக்சு என்னைத் தங்கச்சி என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். சூப்பர்வைசர் தன் தம்பிக்கு என்னைக் கேட்டு, அரிசி கேக்கோடு ஆள் அனுப்பினான். டொக்சு அந்தக் கேக்கைத் தின்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சாங்கூ என் வயிற்றில் தெரிய ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது.

பின்பக்கம் சாங்கூ சிகரெட் பற்றவைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யேஜின் வந்து அவன் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். எங்கள் ஊரில் அப்படி அம்மா அடிப்பாள், இல்லை பெண்டாட்டி அடிப்பாள். மேஸ்திரியின் தங்கை அடிக்கமாட்டாள்.

அன்று வீட்டு ஜெபம் எங்கள் முறை. சபைக்காரர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து பைபிளில் ஆளுக்கொரு வசனம் வாசித்தோம். நரை வந்த பிறகு சபையில் எழுத்துப் படித்தவள் நான், விரல் வைத்துத்தான் வாசிப்பேன். ஈசாக்கு பயந்துபோய் மனைவி ரெபேக்காளைத் தங்கை என்று சொன்ன பகுதி. அவன் அப்பா ஆபிரகாமும் அதே பொய்யைச் சொன்னவர்தான். ராஜா ஜன்னல் வழியாகப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்த வசனம் எனக்கு வந்தது. நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். சாங்கூ தலை நிமிரவில்லை.

ஜெபம் முடிந்து பேரிக்காய் நறுக்கும்போது சபைக்காரி குவோன் அக்கா ஆரம்பித்தாள்.

"பொண்ணு லட்சணமா இருக்கா. என் அக்கா மகனுக்குக் கேட்கலாமாப்பா? உங்க மேஸ்திரி நம்பரைக் குடு."

சாங்கூ பேரிக்காயை மென்றான். அன்று அவன் அப்பா கேக்கை மென்ற அதே தாடை. நான் பேச்சை எடுத்துக்கொடுக்கவில்லை. இவனாவது சொல்கிறானா, இவளையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பானா என்று பார்த்தேன். அவன் இன்னொரு துண்டு எடுத்தான்.

பளார்.

"அப்புறம் தின்னலாம். நான் யாருன்னு சொல்லு," என்றாள் யேஜின்.

"பெண்டாட்டி," என்றான். "அம்மா திட்டுவாங்கன்னுதான்..."

"அறுவடை சமயத்துலயே கல்யாணத்தைப் பதிவு பண்ணிட்டோம், அத்தை." அதுவரை அவள் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டாள்.

குவோன் அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "நல்லவேளை, நான் கேக் வாங்கலை."

எனக்குத் திட்டவே தோன்றவில்லை. ஒரே அடியில் முடிகிற விஷயமா இது? திரும்பிப் பார்த்தேன். டொக்சு தான் உட்கார்ந்திருந்த சின்ன மெத்தையை இழுத்துக்கொண்டு, என் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.