எதிர்க்கடைக் கூட்டம்

சரியாக எழுபத்தாறு மணி நேரமாக அவள் ஓர் உண்மையை வாய்க்குள் அடக்கி வைத்திருந்தாள். வெளியே விட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் வாயைத் திறப்பது என்றாலே அவளுக்குக் கழுத்து வியர்த்துவிடும். கண் பரிசோதனைப் படிப்பில் முதல் வகுப்பு. "அடுத்த வரியைப் படிங்க" என்பதைத் தவிர வேறு எதையும் அவள் யாரிடமும் சத்தமாகச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளி புது பைனாகுலரோடு வந்தார். எதிர்க்கடையை வேவு பார்க்கத்தான். அதுவும் மூக்குக்கண்ணாடிக் கடை. நடத்துபவர் அவர் மனைவியின் தம்பி. கூட்டாக ஆரம்பித்து, போர்டில் யார் பெயர் முதலில் என்ற சண்டையில் பிரிந்து, தம்பி சாலைக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே கடை போட்டுவிட்டார். ஒரு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வியாபாரமும் இல்லை. முதலாளி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

கண் பரிசோதனை எழுத்துகள் ஒளிரும் விளக்குப் பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்று, தடித்த மூக்குக்கண்ணாடியின் மேலேயே பைனாகுலரை வைத்து அழுத்தினார்.

"அடேயப்பா!"

"என்ன சார்?"

"கூட்டம்மா, கூட்டம்! நெருக்கியடிச்சுட்டு நிக்குது. எல்லாம் ஒல்லி ஒல்லியா, கறுப்பு டிரஸ். மாடியிலயும் ஆளு."

"அங்க மாடி இல்லையே சார்."

"கட்டிட்டான் போல. இடம் பத்தாம தலைகீழா தொங்கறாங்க. இந்தா, நீயே பாரு."

அவளும் மூக்குக்கண்ணாடிக்காரிதான். வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் கறுப்பு வளையம், நடுவில் சாவித் துவாரம் அளவு வெளிச்சம், அதற்குள் அந்தக் கூட்டம். ஒரு முறை கண்ணைச் சிமிட்டினாள். விஷயம் புரிந்துவிட்டது. பைனாகுலரின் ரப்பர் வளையங்களைத் தடவிப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் மடித்துக்கொள்ள வேண்டியவை; இரண்டும் மடிக்கப்படாமல் விறைத்து நின்றன.

"தெரியுதா? நிறையப் பேரா?" முதலாளியின் முகம் அவள் காதருகில் இருந்தது.

கழுத்து வியர்த்தது. "நிறைய... இருக்கு சார்."

பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு உண்மையைச் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டமாகிவிட்டது.

பைனாகுலர் இல்லாமல் பார்த்தால் எதிர்க்கடை காலியாகத்தான் தெரிந்தது. முதலாளி அதை நம்பவில்லை. "வெறும் கண்ணு ஏமாத்தும்மா. இது பெரிய கம்பெனி சாமான்."

செவ்வாய்க்கிழமை புதுத் தகவல் வந்தது. "எல்லாரும் ஒரே நேரத்துல குனிஞ்சு கும்பிடறானுங்க! அவன் என்ன கண்ணாடியா விக்கறான், வரமா குடுக்கறான்?" புதன்கிழமை சாப்பாடு இறங்கவில்லை. "நேர்ல போய்த்தான் கேளுங்களேன், என் தம்பிதானே" என்று மனைவி போனில் திட்டினாள். "அவன் வாசப்படிய நான் மிதிக்கறதா?" என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் ஓர் அட்டையில் 'கடை மூடப்படுகிறது' என்று எழுதினார். "வேற இடம் பாத்துக்கம்மா. நல்ல பொண்ணு நீ. நாலு வார்த்த பேசக் கத்துக்க."

இந்த வேலை கிடைக்கவே அவள் ஏழு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தாள்; ஆறில் வாய் திறக்கவில்லை. "சார், அந்த பைனாகுலர்..."

"நீயே எடுத்துக்கம்மா. எனக்கு இனி எதுக்கு?"

அட்டையை ஒட்ட அவள் டேப்பைக் கிழித்தபோது கதவு திறந்தது. எதிர்க்கடைக்காரர். தடித்த மூக்குக்கண்ணாடி, கழுத்தில் ஒரு பைனாகுலர்.

"மாமா, நான் தோத்துட்டேன்" என்றார். "கடைய இழுத்துப் பூட்டிட்டு வந்துட்டேன். எங்க உங்க கூட்டம்? பின்வாசல் வழியா அனுப்பிட்டீங்களா?"

"நக்கலா மாப்ள? கூட்டம் உன் கடையில!"

"என் கடையிலயா? இந்த வாரம் வந்தது ஒரே ஆளு. அவனும் பஸ் ஸ்டாப் எங்கன்னு கேட்டான்."

"கறுப்பு டிரஸ் போட்டுக்கிட்டு, மாடி வரைக்கும்..."

"அது உங்க ஆளுங்க மாமா! நொடிக்கொரு தடவ உங்களுக்குக் கும்பிடு போடறாங்க!"

"எனக்கா? யாருகிட்ட கத விடற? இப்ப காட்டறேன்!"

விளக்குப் பெட்டிக்கு முன்னால் இருவரும் தோளோடு தோள் நின்று பைனாகுலரை உயர்த்தினார்கள்.

"நிக்கறாங்களா இல்லையா?" என்றார் முதலாளி.

"ஐயோ, ஆமா! என் கடைக்குள்ளதான்!" மைத்துனர் அலறினார். "மாமா, நான் பூட்டிட்டுத்தானே வந்தேன்? திருட்டுப் பசங்க! இருபது பேருக்குக் குறையாது!"

"விடாத மாப்ள! நான் இருக்கேன்!" முதலாளி போனை எடுத்தார். "ஹலோ, போலீஸ் ஸ்டேஷனா? பெரிய கும்பல் சார். ரெண்டு மாடியிலயும்..."

அவள் டேப்பைக் கீழே போட்டாள். போனைப் பிடுங்கி அணைத்தாள். முதலாளியின் பைனாகுலரை வாங்கி ரப்பர் வளையம் இரண்டையும் மடித்து அவர் கையிலேயே திணித்தாள். கழுத்து தொப்பலாக நனைந்திருந்தது. பரிசோதனை அறையின் குரல் தானாக வந்தது, கணீரென்று.

"அது ஆளுங்க இல்ல சார். உங்க இமை முடி. ரெண்டு பேருக்குமே."