கரையை வெட்டியது யார்?

ஆற்றின் இரு கரை ஊர்களையும் ஒன்றாக்கி ஒரே பெயர் வைத்து இரண்டு வருடமாயிற்று. பெயர் ஒன்றானால் மனசு ஒன்றாகிவிடுமா என்ன? மெய்ஜி மன்னர் காலத்துப் பெருவெள்ளத்தில் கிழக்குக் கரைக்காரர்கள் தங்கள் ஊர் தப்பிக்க மேற்குக் கரையை வெட்டிவிட்டார்கள் என்று மேற்கே நூறு வருடமாகப் பேச்சு. தானாக உடைந்தது என்று கிழக்கே சாதிப்பார்கள். இந்த ஊருக்கு வரலாறு எழுதும் வேலை மேற்குக் கரை மிசாவோவின் தலையில் விழுந்தது. கூட எழுதுகிறவர் குவாஜிமா, கிழக்குக் கரையில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மிசாவோவின் அப்பா நெகிஷிக்கு எண்பத்தெட்டு வயது. "அவனுங்கதான் வெட்டினானுங்கன்னு அச்சுல பாத்துட்டுத்தான் கண்ணை மூடுவேன்" என்பார் தினமும். அவருக்கு முன் பிறந்த அக்கா அந்த வெள்ளத்தில் போனவள். பிறந்து ஆறே நாள். ஏழாம் நாள்தானே பெயர் வைப்பார்கள்.

ஒருநாள் காலை குவாஜிமா துணியில் சுற்றிய நோட்டு ஒன்றை மேஜைமேல் வைத்தார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் நாட்குறிப்பு. 'நம் ஆட்களே கரையை வெட்டினார்கள்' என்று அதில் பளிச்சென்று இருந்தது. அடுப்பில் போட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மனுஷர் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுக்கிறார். மிசாவோவுக்கு எழுந்து நின்று கும்பிடலாம் போலிருந்தது.

சந்தோஷத்தோடு அந்த வரியைப் படியெடுத்தாள். பிறகு, பழக்கம் விடுமா, முந்தைய பக்கங்களையும் புரட்டினாள். வெள்ளம் வந்தபோது கொள்ளுத்தாத்தா ஈசே கோயிலுக்கு யாத்திரை போயிருந்தார். வெள்ளம் வடிந்து பதினோரு நாள் கழித்துத்தான் ஊர் திரும்பினார். வழியில் சத்திரத்தில் கேள்விப்பட்டதாக அவரே எழுதியிருந்தார். அவள் நோட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"இதை நீங்க பாக்கலையா, குவாஜிமா சான்?"

"பாத்தேன். நானே சொன்னா எங்க ஊருக்கு வக்காலத்து வாங்குற மாதிரி இருக்கும். நீங்களே படிச்சுப்பீங்கன்னு விட்டுட்டேன்."

அவள் இப்படி எழுதினாள்: 'கரை வெட்டப்பட்டதாகக் கேள்விப்பட்டதைக் கிழக்குக் கரை நாட்குறிப்பு ஒன்று சொல்கிறது. நேரில் கண்டவர்களின் பதிவு எதுவும் கிடைக்கவில்லை.' அதன் கீழே, கோயில் பதிவேட்டிலிருந்து எடுத்த, இறந்த நாற்பத்து மூன்று பேரின் பட்டியல்.

அச்சுப்பிரதியை அப்பாவிடம் நீட்டினாள். அவர் பூதக்கண்ணாடி வைத்து அந்த இரண்டு வரியைப் படித்தார். முகம் சிவந்தது. விரலைப் பட்டியலின்மேல் நகர்த்தினார். நாற்பத்து மூன்றாவது வரியில் விரல் நின்றது. 'நெகிஷி வீட்டுப் பெண் குழந்தை, பிறந்து ஆறு நாள், பெயர் வைக்கவில்லை.'

பூதக்கண்ணாடியை அந்த வரிமேல் கொண்டுபோனார்.

"ஆத்தங்கரை நினைவுக் கல்லுல நாப்பத்திரண்டு பேர்தான் இருக்கு" என்றார். "பேரில்லைன்னு இவளை விட்டுட்டானுங்க. நீ விடலை."

பிறகு மேலே இருந்த வரிகளை இன்னொரு தடவை படித்தார்.

"அவனுங்கதான் வெட்டினானுங்க. சாகிற வரைக்கும் சொல்லுவேன். அது என் வாய்." பிரதியை மடிக்காமல் பதனமாக அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "இது புஸ்தகம். நீ எழுதினபடியே இருக்கட்டும்."