பூட்டிய வீட்டில் ஒரு பகல்

ஊதுவத்திக் கம்பெனி வாசலிலேயே மேஸ்திரி கையை விரித்துவிட்டார். மூன்று நாளாக மைசூரில் வெயில் இல்லை. வங்கக் கடலில் எங்கேயோ சுழன்றுகொண்டிருந்த புயல் இங்கே ஊசி ஊசியாய்த் தூறலையும் எலும்பைக் குடையும் குளிரையும் அனுப்பிக்கொண்டிருந்தது. உருட்டிப் பரப்பிய வத்தியெல்லாம் மூன்று நாளாக ஈரமாகவே கிடந்தது. "இன்னிக்கு வேலை இல்ல, ரஜாம்மா, நாளைக்குப் பாக்கலாம்" என்றார். பஞ்சவர்ணம் சேலைத் தலைப்பைக் காதோடு இழுத்துச் சுற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள். பேச வாய் திறந்தால் புகை வந்தது.

வீட்டு வாசலுக்கு வந்தவள் திடுக்கிட்டாள். காலையில் பூட்டிவிட்டுப் போன கதவு திறந்து கிடந்தது. உள்ளே அவள் புருஷன் வேலாயுதம், தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, தேங்காய் எண்ணெய் பாட்டிலை ஸ்டவ்வின் மேல் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். எண்ணெய் கல் போல உறைந்திருந்தது.

"ஏனுங்க, டூட்டிக்குப் போகலீங்களா?"

"போயிட்டுத்தான் வந்தேன். ஃபேக்டரில கரண்ட் இல்லியாம். பஸ்ஸ விட்டு எறங்கக்கூட இல்ல, அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க. நீ?"

"வத்தி காயலீங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார்கள்.

தொண்ணூற்று நாலு தை மாசம் கல்யாணம். இரண்டு வருஷம் முடியப் போகிறது. அவனுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை, அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி, பொங்கல் என்றால் விடியற்காலை பஸ் பிடித்துச் சொந்த ஊரான மார்டள்ளிக்கு ஓடிவிடுவார்கள். அங்கே அவன் ஆண்கள் கூட்டத்திலும் அவள் அடுப்படியிலும் இருப்பார்கள். ஒரு முழுப் பகல், இந்த ஒற்றை அறையில், இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் இருந்ததே கிடையாது.

"காபி போடட்டுங்களா?" என்றாள், யாரோ விருந்தாளியைக் கேட்பது போல.

"போடு. குடிச்சிட்டு ஜடையன் வீட்டு வரைக்கும் போயிட்டு வந்துடறேன். டேப் ரிக்கார்டர் சுத்த மாட்டேங்குதுன்னான்."

இந்தப் பகலும் போய்விடும் என்று பஞ்சவர்ணத்துக்குப் பட்டது. ஜடையன் வீடும் சேர்த்து அந்த வரிசையில் ஆறு வீடுகள். ஆறு வீட்டிலும் எது பழுதானாலும் வேலாயுதம்தான். ஒருவனுக்கு ஃபியூஸ் போட்டுக் கொடுத்தால் அடுத்தவன் அயர்ன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வருவான். முடியாது என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வராது. வியாழக்கிழமை முழுவதும் அப்படித்தான் போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"நீங்க வூட்ல இருக்கறது யாருக்காச்சும் தெரியுங்களா?"

"இல்ல. இந்தக் குளிருல யாரு வெளிய நிக்கறாங்க?"

அவள் யோசிக்கவே இல்லை. ஆணியில் தொங்கிய பூட்டை எடுத்தாள், வெளியே போனாள், கதவைச் சாத்திப் பூட்டினாள், தூறலில் வரிசையைச் சுற்றிப் பின்சந்து வழியாக ஓடி, குளியலறைப் பக்கமிருந்த பின்கதவைத் தட்டினாள். வேலாயுதம் திறந்தான். அவள் மூச்சு வாங்க, முக்காடு நனைய, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ள பண்ணின?"

"நாம ரெண்டு பேருமே டூட்டிக்குப் போயிட்டோமுங்க."

அவன் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் விழுந்தான்.

காபி குடித்தார்கள். ஒரே கம்பளிக்குள் கால் நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பகல் பத்து மணி வெளிச்சத்தில் அவன் முகத்தை இவ்வளவு அருகில் அவள் பார்த்ததில்லை. இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்தது.

"இது எப்பத்துல இருந்துங்க?"

"பொறந்ததுல இருந்து."

"எனக்குச் சொல்லவே இல்லீங்களே."

"மச்சத்தப் பத்தி யாராச்சும் சொல்லுவாங்களா?" என்று கிசுகிசுத்தான். அதற்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு எதைச் சொன்னாலும் சிரிப்பு வந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோது இருவரும் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டார்கள். ஜடையன் வந்து பூட்டைப் பார்த்து, "இல்லவேனோ" என்று, ஆள் இல்லை போல என்கிற மாதிரி, தனக்குள் முனகிவிட்டுப் போனான்.

அரைமணி கழித்து மறுபடி சத்தம். இந்த முறை வந்தவர் போகவில்லை. கனமான ஒரு பை தரையில் இறங்கியது. படியில் உட்கார்ந்து யாரோ இருமினார்கள். அந்த இருமலைக் கேட்டதும் பஞ்சவர்ணம் நிமிர்ந்தாள்.

"அய்யாசாமி மாமாங்க," என்றாள் காதோடு. அவளுடைய தாய்மாமன். மார்டள்ளியிலிருந்து விடியற்காலை பஸ்ஸுக்கு வந்திருப்பார்.

அவள் எழுவதற்குள் வீட்டுக்காரி கௌரம்மாவின் குரல் வந்தது. கௌரம்மாவுக்குக் கன்னடம்தான் பேச்சு. குடியிருப்பவர்களுக்காகக் கொஞ்சம் தமிழையும் சேர்த்துக்கொள்வாள்.

"யாரப் பாக்கணும் யஜமான்ரே? அவங்க ரெண்டு பேரும் கெலசத்துக்குப் போயாச்சு. சாயங்காலம்தான் பருத்தாரெ."

"பரவால்லீங்க. குந்தியிருக்கறேன். புள்ள எப்படி இருக்குதுங்க? சண்ட கிண்ட ஏதும் உண்டுங்களா?"

"சண்டையா? அய்யோ, அதுக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வீட்ல இருக்கணுமல்லா," என்றாள் கௌரம்மா. "அவரு வந்தா அவளு இல்ல, அவளு வந்தா அவரு இல்ல. பாவம், நல்ல ஜோடி. முகம் நோடறதுக்கே டைம் இல்ல." பிறகு, "குளிருல உக்காந்திருக்கீங்க, காபி தரேன் இருங்க" என்று படி இறங்கினாள்.

உள்ளே வேலாயுதம் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தான். பஞ்சவர்ணம் ஜன்னல் கதவை ஒரு விரல் அளவு திறந்தாள்.

"மாமா."

அய்யாசாமி பூட்டைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"பின்னாடி சந்து வழியா வாங்க மாமா. சத்தம் போடாதீங்க."

அறுபது வயது மனிதர். எதுக்கு, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பூனை மாதிரி நடந்து வந்தார். பின்கதவுக்குள் நுழைந்து, மப்ளரோடு கட்டிலில் கிடந்த மாப்பிள்ளையைப் பார்த்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. தோள் குலுங்கத் தொடங்கியது.

அதற்குள் வாசலில் கௌரம்மா வந்துவிட்டாள்.

"யஜமான்ரே, காபி. யஜமான்ரே? அரெ, எல்லி ஹோத்ரு?"

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளியே கௌரம்மா தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பது நிழலில் தெரிந்தது. அய்யாசாமி மூக்கைப் பிடித்தார். துண்டால் முகத்தை மூடினார். ஒன்றும் உதவவில்லை. ஓட்டுக் கூரை அதிர்கிற மாதிரி ஒரு தும்மல் போட்டார்.

பஞ்சவர்ணத்துக்குக் காது இரண்டும் சுட்டது. நாளைக்குக் குழாயடியில் எந்த முகத்தோடு நிற்பது என்று நினைத்தாள். பிறகு ஜன்னல் திட்டில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது.

"காபி ஆறிப்போகும்," என்றது கௌரம்மாவின் குரல், மெதுவாக. "இன்னும் ரெண்டு டம்ளரு கொண்டு வரவா?"

"வேண்டாங்கம்மா," என்று வேலாயுதம் பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து பணிவாகச் சொன்னான். அவ்வளவுதான், பஞ்சவர்ணம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். படியில் கௌரம்மாவும் சிரிப்பது கேட்டது.

அய்யாசாமி பையைக் கவிழ்த்தார். பச்சை அவரைக்காய் குன்றாய்க் கொட்டியது. தோட்டத்தில் பறித்தது, பனியில் காய்த்தது, வாசமே தனி. மூவரும் வட்டமாக உட்கார்ந்து கொட்டையை உரித்தெடுத்தார்கள். பஞ்சவர்ணம் பாதியைச் சுடுதண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு, மீதியைப் போட்டுச் சாறு வைத்தாள். ராகிக் களியும் சாறும் ஆவி பறக்கத் தின்றார்கள். கொதிக்கிற சாற்றின் வாசம் ஆறு வீட்டுக்கும் போயிருக்கும். ஆனால் யார் வந்தாலும் கௌரம்மா தன் வாசலில் நின்றபடியே, "அவரு டூட்டிகெ ஹோகிதாரெ" என்று, டூட்டிக்குப் போய்விட்டதாகவே, கூசாமல் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஜடையனுக்கே இரண்டு தரம் சொன்னாள்.

இரண்டு மணிக்கு அய்யாசாமி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ராத்திரி இருந்துட்டுப் போங்க மாமா."

"மாட்டுக்கு யாரு தண்ணி காட்டறது? தேவராஜ மார்க்கெட்டுல கொஞ்சம் சாமான் வாங்கோணும். அப்படியே கொள்ளேகால் பஸ் ஏறிக்கறேன்." பின்கதவில் நின்று இருவரையும் ஒருமுறை பார்த்தார். "உங்கம்மா கேட்டா என்னன்னு சொல்லட்டும்?"

"வூட்ல யாரும் இல்லீன்னு சொல்லுங்க," என்றாள் பஞ்சவர்ணம்.

அவர் போன பிறகு தூறல் வலுத்தது. ஓட்டின் மேல் சத்தம் ஏறியது. இருவரும் கம்பளிக்குள் தூங்கிப் போனார்கள். எழுந்தபோது நாலரை மணி. எங்கே இருக்கிறோம், என்ன கிழமை என்று ஒரு நிமிஷம் அவளுக்குப் புலப்படவில்லை. பக்கத்தில் அவன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

ஊறிய அவரையை முன்னால் வைத்துக்கொண்டு தோல் பிதுக்க உட்கார்ந்தாள். விரலால் அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு தோலை விட்டு வெளியே பாயும். முதல் பருப்பு கிண்ணத்தில் விழுந்தது. இரண்டாவது பருப்பைக் குறிபார்த்து அவன் நெற்றிக்கு விட்டாள்.

அவன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"இது நியாயமா?"

"எந்திரிச்சு உதவி பண்ணுங்க."

அவன் எழுந்து உட்கார்ந்தான், ஒரு கைப்பிடி அள்ளினான். அடுத்த கணம் அவள் கன்னத்தில் ஒன்று, கழுத்தில் ஒன்று. அவள் முறத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் ஓடினாள். பருப்பு சுவரில் பட்டுத் தெறித்தது, காலண்டரில் ஒட்டியது, தண்ணீர்க் குடத்துக்குள் குதித்தது. குழம்புக்கு எவ்வளவு மிஞ்சும் என்று இருவருமே கவலைப்படவில்லை.

"சத்தம் போடாத புள்ள, வெளிய கேட்கும்," என்றான் அவன், மூச்சிரைக்க.

"கேட்கட்டுங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பருப்பை எடுத்துக் குறிபார்த்தாள்.